காயம்பட்ட கதாநாயகன் எங்கிருந்து வந்தான்?

கொஞ்சம் நீளமான பதிவு நண்பர்களே. காப்பி போட்டு வைத்துக்கொண்டு சாவகாசமாக வாசியுங்கள்.

இன்றைய ஆங்கிலக் காதல் நாவல்களில் அடிக்கடி வரும் ஓர் ஆளை உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பார்க்க லட்சணமானவன். கையில் காசு, வாயில் சுடுசொல். யாரையும் கிட்டே நெருங்க விடமாட்டான். இருநூறு பக்கம் தாண்டிய பிறகு காரணம் தெரியவரும். சின்ன வயதில் அம்மா விட்டுவிட்டுப் போயிருப்பாள், அல்லது அப்பா பெல்ட்டால் அடித்திருப்பார், அல்லது முதல் காதலி ஏமாற்றியிருப்பாள். அதைத் தெரிந்துகொண்ட கதாநாயகி கண் கலங்கி, அதுவரை அவன் செய்ததையெல்லாம் மன்னிப்பாள். அவளுடைய அன்பில் அவன் குணமாவான். இணையத்தில் தொடராக வரும் தமிழ்க் காதல் நாவல்களிலும் இதே ஆள் வேட்டி கட்டிக்கொண்டு உலவுகிறான்.

முப்பத்து நான்கு வருஷம் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள் நான். இந்த ஆள் எங்கிருந்து வந்தான் என்று தேடிப் படிப்பது ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. மனம் காயப்பட்டவர்களுக்குக் காதல் கிடைக்கும் கதை 170 வருஷத்துக்கும் மேலாக இரண்டு கிளையாகப் பிரிந்து வந்திருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டும் மேலுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: ஒருவருடைய காயத்துக்கு விலை கொடுப்பது யார்?

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1847 அக்டோபரில் 'ஜேன் ஐர்' வெளிவந்தது. அட்டையில் கர்ரர் பெல் என்று ஆண் பெயர் மாதிரி ஒரு புனைபெயர். எழுதியவர் யார்க்ஷயரைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மகள் சார்லட் பிரான்டி. அவருடைய அக்காமார் மரியாவும் எலிசபெத்தும் 1825இல், விடுதிப் பள்ளியிலிருந்து காசநோயோடு வீடு திரும்பி இறந்துபோனார்கள். அந்தப் பள்ளிதான் நாவலில் லோவுட் பள்ளியாக வருகிறது.

ஜேன் தாய் தகப்பன் இல்லாத குழந்தை. மாமா இறந்துபோன சிவப்பு அறைக்குள் பத்து வயதில் அத்தை அவளை அடைத்துப் பூட்டுகிறாள். அலறி மயங்கி விழுகிறாள். வளர்ந்து ஒரு பெரிய வீட்டுக்கு ஆசிரியையாகப் போகிறாள். வீட்டுக்காரர் ராச்செஸ்டர் கடுகடுத்தவர், கசந்துபோனவர். பணத்துக்காகத் தன்னை ஜமைக்காவில் ஒரு பெண்ணுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள் என்பது அவருடைய காயம். அந்த மனைவி மனநிலை பிறழ்ந்தவளாக அதே வீட்டு மாடியில் அடைபட்டிருக்கிறாள். அதை மறைத்து ஜேனைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறார். கல்யாணம் தேவாலயத்திலேயே நின்றுபோகிறது.

வகுப்பில் நான் எப்போதும் நிறுத்தி நடத்திய இடம் அடுத்து வருவதுதான். ராச்செஸ்டர் தன் துயரக் கதை முழுவதையும் ஜேனிடம் கொட்டுகிறார். என்னோடு இரு, நீ போனால் நான் கெட்டுப்போவேன் என்று கெஞ்சுகிறார். ஜேன் அவரை நம்புகிறாள், இரக்கப்படுகிறாள், நேசிக்கிறாள். ஆனாலும் விடிவதற்கு முன் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். பட்டினி கிடக்கிறாள், கையேந்துகிறாள். பிறகு ஒரு கிராமப் பள்ளியில் வேலை கிடைக்கிறது, சித்தப்பாவின் சொத்து 20,000 பவுண்டு வருகிறது, அதை உறவினர்கள் மூவரோடு சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறாள். தன் காலில் நின்ற பிறகே திரும்பிப் போகிறாள். அதற்குள் வீடு எரிந்து, மனைவி இறந்து, காப்பாற்றப் போன ராச்செஸ்டர் பார்வையையும் ஒரு கையையும் இழந்திருக்கிறார். அப்போதுதான் கல்யாணம். அவருடைய காயத்துக்காக ஜேன் தன்னைக் கொடுத்துவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அடுத்த வருஷமே, 1848இல், தங்கை ஆன் பிரான்டி 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' என்ற நாவலை எழுதினார். அக்காவின் புத்தகத்துக்கு இருக்கும் புகழ் இதற்கு இல்லை. ஆனால் நம் விஷயத்துக்கு இதுதான் முக்கியம். ஹெலன் என்ற இளம்பெண் கெட்ட சகவாசம் உள்ள ஒருவனைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். என் அன்பால் அவனைத் திருத்திவிடுவேன் என்பது அவளுடைய நம்பிக்கை. அவன் திருந்தவில்லை. குடி, வேறு பெண்கள், போதாததற்குச் சின்னஞ்சிறு மகனுக்கும் குடிக்கப் பழக்குகிறான். ஒருநாள் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்து, படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள். அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்குச் சொந்தம். மணமான பெண் தன் பெயரில் சொத்தை முழு உரிமையோடு வைத்துக்கொள்ள 1882இல்தான் சட்டம் வந்தது. அதனால் அவள் விற்ற ஒவ்வொரு படத்தின் காசும் சட்டப்படி அவன் காசு.

ஆன் இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. அண்ணன் பிரான்வெல் குடியிலும் அபினியிலும் அழிந்துகொண்டிருந்ததை அதே வீட்டில் இருந்து பார்த்தவர். அவன் அந்த வருஷம் செப்டம்பரில் இறந்தான். அடுத்த மே மாதம் ஆனும் போய்விட்டார். அதன்பின் இந்த நாவலை மறுபதிப்புச் செய்ய அக்கா சார்லட்டே விரும்பவில்லை. "அன்பால் திருத்தலாம்" என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்ட புத்தகம் ஓரத்துக்குப் போனது. கடுகடுத்த ராச்செஸ்டர் மட்டும் நூறு நாவல்களுக்குத் தகப்பன் ஆனார். ஜேன் வீட்டைவிட்டுப் போன அந்த விடியற்காலையை, அவரைப் பார்த்து எழுதியவர்களில் பலர் மறந்துவிட்டார்கள்.

அடுத்த பெரிய திருப்பம் முதல் உலகப்போர். பதுங்குகுழியில் குண்டுமழைக்கு நடுவே கிடந்த இளைஞர்கள், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல், பேச்சு போய், தூக்கம் போய், கை நடுங்கத் திரும்பினார்கள். 'ஷெல் ஷாக்' என்ற பெயரை 1915இல் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் மருத்துவ இதழில் எழுதினார். போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 80,000 பேர் இந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். பலரைக் கோழை என்றார்கள். ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. அப்படி மரண தண்டனை பெற்ற 306 வீரர்களுக்கு பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது.

இங்கே நம் ஊரோடு ஒரு தொடர்பு இருக்கிறது. எடின்பரோவில் கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ மருத்துவமனையில் இந்த வீரர்களுக்குச் சிகிச்சை தந்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். கவிஞர் சிக்ஃபிரீட் சசூன் 1917இல் அவரிடம்தான் சிகிச்சை பெற்றார். இதே ரிவர்ஸ் 1901–02இல் நம் நீலகிரிக்கு வந்து, தோடர் மந்துகளில் உட்கார்ந்து, அவர்களுடைய உறவுமுறையையும் சடங்குகளையும் கேட்டுக் கேட்டு எழுதியவர். 'தி தோடாஸ்' என்ற அந்தப் பெரிய நூல் 1906இல் வந்தது. நடந்ததை மறந்துவிடு, மனதை வேறெதிலாவது செலுத்து என்று வீரர்களிடம் சொல்வதால் நோய் கூடுகிறது, குறையவில்லை என்று அவர் போர்க்காலத்திலேயே வாதிட்டார். பேச விடுங்கள், நாம் கேட்போம் என்பது அவருடைய வழி.

போர் முடிந்த இங்கிலாந்தை எண்ணிப் பாருங்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். திரும்பி வந்த ஆண்களிலும் பலர் பழைய ஆளாக வரவில்லை. காயம்பட்டவனை நேசிப்பது எப்படி என்பது அப்போது லட்சக்கணக்கான வீடுகளின் அன்றாடக் கேள்வி. கதைகள் அதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லின.

முதல் பதில், ரெபெக்கா வெஸ்ட் 1918இல் எழுதிய 'தி ரிட்டர்ன் ஆஃப் தி சோல்ஜர்'. போரிலிருந்து வந்தவனுக்குப் பதினைந்து வருஷ நினைவு அழிந்துவிட்டது. மனைவியைத் தெரியவில்லை. இளவயதில் நேசித்த ஏழைப் பெண் மார்கரெட்டைத்தான் தேடுகிறான். அவளோடு இருக்கும்போது நிம்மதியாக இருக்கிறான். ஆனால் அவன் குணமானால் மீண்டும் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள். அவனை மீட்கக்கூடிய பொருள், இறந்துபோன அவன் குழந்தையின் பந்தும் சட்டையும். அதை எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுகிறவள் மார்கரெட்தான். அவனை இழப்போம் என்று தெரிந்தே செய்கிறாள். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்த பிறகு இரண்டு நாள் வேறு எதுவும் ஓடாது.

இரண்டாம் பதில், 1919இல் இ. எம். ஹல் என்ற பெண்மணி எழுதிய 'தி ஷேக்'. பாலைவனத்தில் ஒருவன் ஓர் ஆங்கிலேயப் பெண்ணைக் கடத்திக் கூடாரத்தில் அடைத்துப் பலாத்காரம் செய்கிறான். அவள் அவனையே காதலிக்கிறாள். கடைசியில்தான் அவன் பிறப்புக் கதை வருகிறது: அவன் தகப்பன் ஓர் ஆங்கிலேயப் பிரபு, குடிகாரன், தாயைக் கொடுமைப்படுத்தியவன். அந்த வெறுப்பைத்தான் இவள் மேல் காட்டினானாம். அவ்வளவுதான், கணக்கு தீர்ந்தது. 1921இல் ருடால்ஃப் வேலன்டினோ நடித்துப் படமாக வந்து சக்கைப்போடு போட்டது. அவனுடைய காயம் அவன் செய்த குற்றத்துக்குச் சமாதானம் ஆகிறது, விலையை அவள் கொடுக்கிறாள். முதலில் சொன்ன சுடுசொல் அழகன் இந்தக் கிளையில் பழுத்தவன்.

மூன்றாம் பதில், டாரதி சேயர்ஸ் எழுதிய துப்பறியும் நாவல்கள். காதலுக்காக யாரும் அவற்றைத் தேடிப் போவதில்லை, ஆனால் எனக்கு மிகப் பிடித்த காதல் கதை அவற்றில்தான் இருக்கிறது. லார்டு பீட்டர் விம்சி போரில் மண்ணுக்குள் புதைந்து மீண்டவன். அடுத்தவனுக்கு உத்தரவு இடவே நெடுநாள் அஞ்சியவன், ஏனென்றால் போரில் அவன் இட்ட உத்தரவுக்கு ஆட்கள் செத்தார்கள். ஹாரியட் வேன் ஓர் எழுத்தாளர். பழைய காதலனை விஷம் வைத்துக் கொன்றதாகப் பொய்க் குற்றச்சாட்டு. 1930இல் வந்த 'ஸ்ட்ராங் பாய்சன்' நாவலில் பீட்டர் அவளைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றுகிறான், கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். நன்றிக்கடனில் ஒரு தாம்பத்தியத்தைத் தொடங்க அவள் தயாராக இல்லை.

ஐந்து வருஷம் போகிறது. அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், ஆனால் அழுத்துவதில்லை. 1935இல் வந்த 'காடி நைட்' நாவலில், அவளுக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் "நீ போகாதே" என்று அவன் தடுப்பதில்லை. அது அவள் வேலை, அவள் உயிர், அவள் முடிவு என்று விடுகிறான். அதற்குப் பிறகே அவள் சம்மதிக்கிறாள். 1937இல் வந்த 'பஸ்மேன்ஸ் ஹனிமூன்' கடைசிக் காட்சியில், அவன் கண்டுபிடித்துக் கொடுத்த கொலைகாரனைத் தூக்கிலிடும் காலை. பழைய காயம் திறந்து பீட்டர் நடுங்குகிறான். அவனாகவே அவளிடம் வந்து அழுகிறான். அவள் பிடித்துக்கொள்கிறாள். பிரசங்கம் இல்லை, குணமாகிவிட்டான் என்ற அறிவிப்பும் இல்லை. ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் தன் காயத்தை அவள் மேல் இறக்கவில்லை என்பதால்தான் அந்தக் காட்சிக்கு அவ்வளவு கனம்.

பிறகு வந்த காலத்தில் வியாபாரத்தில் வென்றது இரண்டாம் கிளைதான். மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் 1908இல் லண்டனில் தொடங்கியது. முதலில் எல்லா வகைப் புத்தகமும் போட்டார்கள், 1930களில் காதல் நாவலுக்கே பெயர் பெற்றார்கள். கனடாவின் ஹார்லெக்வின் 1957இல் அவர்கள் நாவல்களை மறுபதிப்புச் செய்ய ஆரம்பித்து, 1971இல் நிறுவனத்தையே வாங்கியது. நம் ஊர் வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, ஓரத்தில் பசை ஒட்டி அடுக்கியிருந்த அந்தப் புத்தகங்கள் என் தலைமுறைப் பெண்களுக்கு நினைவிருக்கும்.

அவற்றின் கட்டமைப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. நெடுங்காலம் இந்த நாவல்கள் கதாநாயகியின் கண் வழியாக மட்டுமே சொல்லப்பட்டன. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று வாசகிக்குத் தெரியாது. அதனால் அவன் கடுமை ஒரு புதிர் ஆகிறது. கடைசி அத்தியாயத்தில் அவன் வாய் திறந்து தன் பழைய காயத்தைச் சொல்லும்போது புதிர் அவிழ்கிறது. நூற்றைம்பது பக்கக் கடுமையும் காதலாக மாறிவிடுகிறது.

பெண்கள் இதை ஏன் விரும்பிப் படித்தார்கள்? ஏளனம் செய்யாமல் இதை ஆராய்ந்தவர் ஜானிஸ் ராட்வே. 1984இல் வந்த அவருடைய 'ரீடிங் தி ரொமான்ஸ்' நூலுக்காக, ஓர் அமெரிக்க ஊரின் புத்தகக்கடை வாடிக்கையாளர்களான இல்லத்தரசிகளிடம் பேசினார். நாள் முழுக்க மற்றவர்களுக்கு உழைக்கும் எங்களுக்கு, புத்தகம் விரித்த அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் சொந்தம் என்றார்கள். ராட்வே இன்னொன்றும் கண்டார். ஆணின் கடுமைக்கு அடியில் அன்பு ஒளிந்திருக்கிறது, அவனுக்கு ஏதோ வலி, அவ்வளவுதான் என்று வாசித்துப் பழகுவது, தன் வீட்டு ஆணின் கடுமையையும் அப்படியே வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஆறுதலும் ஆபத்தும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன.

இது வெறும் இலக்கியப் பேச்சு இல்லை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி போன் செய்தாள். கன்னத்தில் வீக்கம் என்றாள். உடனேயே, "அவருக்குச் சின்ன வயசுல ரொம்பக் கஷ்டம் டீச்சர். அவங்க அப்பா கட்டிப்போட்டு அடிப்பாராம். நான்தான் பொறுமையா இருந்து சரி பண்ணணும்" என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை. அவன் காயம் நிஜம்தான். நான் அவளுக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "இப்ப எங்கம்மா இருக்க? கதவு பூட்டியிருக்கா? பக்கத்துல யார் இருக்காங்க?" என்றுதான் கேட்டேன். அதற்கு மேல் அவள் கதையைப் பொதுவில் சொல்வது முறையாகாது. நன்றாக இருக்கிறாள் என்பது மட்டும் போதும்.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு மருத்துவ வரலாறு இருக்கிறது. வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் மனக்காயத்தின் பின்விளைவை ஒரு நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். 1992இல் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 'ட்ராமா அண்ட் ரெகவரி' நூலை எழுதினார். போர்க்களத்தில் வீரனுக்கு வருவதும், வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருவதும் ஒரே காயம் என்று அதில் காட்டினார். மீள்வதற்கு மூன்று படி சொன்னார். முதலில் பாதுகாப்பு. அடுத்து நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காப்பது. மூன்றாவதாக மனிதர்களோடு மீண்டும் உறவு கொள்வது. வரிசையைக் கவனியுங்கள். பழைய காதல் நாவல் மூன்றாம் படியில் நேராக ஏறி நின்றுகொண்டு, முதல் இரண்டும் தானாக நடந்துவிடும் என்று சொன்னது.

சென்ற பத்துப் பதினைந்து வருஷத்தில் சில நாவல்கள் இந்த வரிசையைத் திருத்தியிருக்கின்றன. கெயில் ஹனிமேன் எழுதிய 'எலினார் ஆலிஃபன்ட் இஸ் கம்ப்ளீட்லி ஃபைன்' (2017) அப்படி ஒன்று. கிளாஸ்கோவில் அலுவலக வேலை பார்க்கும் எலினாருக்கு முகத்தில் தீக்காயத் தழும்பு, உள்ளே அதைவிடப் பெரியது. அவளைக் காப்பாற்ற ராஜகுமாரன் வருவதில்லை. கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்யும் ஒரு சாதாரண ஆள் மதியம் சேர்ந்து சாப்பிடக் கூப்பிடுகிறான். மனநல ஆலோசகரிடம் போவது அவள், பேசுவது அவள். அவன் கூட இருக்கிறான். கல்யாண மேளம் எதுவும் இல்லாமலே கதை முடிகிறது. படித்து முடிக்கும்போது மனம் நிறைந்திருக்கும்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் போனில் அநேகமாக இருக்கும் கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016). 2024இல் சினிமாவாகவும் வந்தது. (முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) லிலியின் அப்பா அம்மாவை அடிப்பவர். அவள் கட்டிக்கொள்ளும் ரைல் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவன். ஆறு வயதில் விளையாட்டாகக் கையாண்ட துப்பாக்கியால் தன் அண்ணனே சாகக் காரணமானவன். அந்தக் காயம் எவ்வளவு பெரியது! அவன் அவளை அடிக்கிறான், அழுகிறான், மறுபடி அடிக்கிறான். ஆசிரியர் அவன் காயத்தைச் சிறுமைப்படுத்தவே இல்லை. லிலிக்கும் அவன் மேல் அன்பு போகவில்லை. ஆனால் மகள் பிறந்த அன்று, இந்தக் குழந்தை ஒருநாள் உன்னிடம் வந்து, என் கணவன் என்னை அடிக்கிறான் அப்பா என்றால் என்ன சொல்வாய் என்று அவனையே கேட்டுவிட்டுப் பிரிகிறாள். தன் தாயின் வாழ்க்கையிலிருந்து எழுந்த கதை இது என்று ஹூவர் நூலின் குறிப்பில் சொல்லியிருக்கிறார். நடையில் எனக்குக் குறைகள் தெரிகின்றன. ஆனாலும் ஆன் பிரான்டி 1848இல் சொன்னது, இத்தனை காலம் கழித்து, ஏராளமாக விற்கும் ஒரு காதல் நாவலில் கேட்கிறது.

இன்னொருத்தியையும் சொல்லாமல் முடிக்கக்கூடாது. ராச்செஸ்டர் வீட்டு மாடியில் அடைபட்டிருந்த மனைவி. 'ஜேன் ஐர்' நாவலில் அவளுக்குச் சிரிப்பும் உறுமலும் உண்டு, பேச்சு இல்லை. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரைஸ், 1966இல் 'வைட் சர்காசோ சீ' எழுதி அவளுக்கு வாய் கொடுத்தார். அவளுக்கும் ஒரு குழந்தைப்பருவம், எரிந்துபோன ஒரு வீடு, ஊர் விட்டு ஊர் கொண்டுவந்து பெயரையே மாற்றிய ஒரு கணவன். கதாநாயகனின் காயத்துக்கு நாம் கண்ணீர் விட்ட நேரமெல்லாம் அவள் மாடியில்தான் இருந்தாள்.

பெண்பிள்ளைகள் காதல் நாவல் படிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தாலும் நடக்காது! நீங்களும் வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு அவர்களோடு சாப்பாட்டு நேரத்தில் பேசுங்கள். இவன் மாறியது இவனுடைய முயற்சியாலா, இவள் பொறுத்துக்கொண்டதாலா? இவள் எழுந்து போயிருந்தால் அவளுக்குப் போக இடம் இருந்ததா? இப்படி இரண்டு கேள்வி கேட்டால் போதும், மீதியை அவர்களே பேசுவார்கள். பையன்களிடமும் கேளுங்கள். காயம்பட்ட பையன்கள் நம் வகுப்புகளில் நிறைய உண்டு. அழுவதற்கும் பேசுவதற்கும் அவர்களுக்கு இடம் கொடுக்காமல், பின்னால் வரும் ஒரு பெண் வந்து சரிசெய்யட்டும் என்று விட்டுவைக்கிறோம்.

இதைப் படிக்கும் யாராவது அந்த மாணவியின் நிலையில் இருந்தால், 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, எந்நேரமும் அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நம் நாட்டில் 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஹெலனுக்கு இந்த இரண்டும் இல்லை.

நீங்கள் படித்த கதைகளில், காயம்பட்டவர் தன் காயத்தைத் தானே சுமந்து, பிறகு காதலுக்கு வந்த கதை எது? தமிழிலும் சொல்லுங்கள். அடுத்த பதிவுக்கு எனக்குப் படிக்க வேண்டும்.